மூன்று மணிச் சொல்

மணி மூன்று அடித்துவிட்டால் சந்திரவதனாவை யாராலும் பிடித்து வைக்க முடியாது. கோர்ட்டிலிருந்து சட்டத்தரணியே மூச்சிரைக்க ஓடி வந்து நிற்கட்டும், பிளேனுக்கு இன்னும் நாலு மணித்தியாலம்தான் என்று யாராவது அழுது புரளட்டும், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மேசை லாச்சியைத் திறந்து சின்னக் கண்மருந்துக் குப்பியை எடுப்பாள். எதிர்க் கதிரையில் அழகமுத்து கழுத்தைப் பின்னால் சாய்த்து, முகட்டைப் பார்த்தபடி தயாராக இருப்பார். முகட்டில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரம் ஓரமாக அரித்துக்கொண்டு வந்து, இப்போது நடுவில் சாவித் துவாரம் அளவுக்குத்தான் மிச்சம் வைத்திருந்தது.

"அசையாதீங்க."

"நான் எங்க மிஸ் அசையிறேன்? உங்க கைதான் ஆடுது."

"வாய மூடுங்க. கண்ணத் தொறங்க."

வலது கண்ணில் ஒரு சொட்டு, இடது கண்ணில் ஒரு சொட்டு. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பது கிளினிக் டொக்டரின் கட்டளை. ஆனால் நாற்பது வருடம் டைப் அடித்த மனுஷனுக்குச் சும்மா இருக்க வராது. விரல்கள் மேசையில் தாளம் போடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் சந்திரவதனாவுக்கு மகா எரிச்சல். அதை நிறுத்தத்தான் முதல்நாள் ஒரு சொல்லின் கதையைச் சொன்னாள். விரல் நின்றுவிட்டது. அடுத்த நாளும் சொன்னாள். அப்படியே அது மூன்று மணிச் சொல் ஆகிவிட்டது.

அவளிடம் ஒரு தடித்த சீஆர் கொப்பி இருந்தது. இங்கிலீஷ் சொற்களுக்கெல்லாம் அதில் ஜாதகம் எழுதி வைத்திருந்தாள்: எந்த ஊரில் பிறந்தது, அப்பன் யார், பாட்டன் யார், எந்தெந்த வீடு மாறியது என்று. பெரிய பெரிய சொல்லெல்லாம் நேற்று வந்து இறங்கியவை, சின்னச் சொல்லுக்குத்தான் வயது அதிகம் என்பது அவள் கட்சி. ஜெர்மன்காரனும் டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பாகம் பிரியாமல் ஒரே குடும்பமாகப் பேசிக்கொண்டிருந்த காலத்துச் சொற்கள் அவை. "நான் இப்ப இழுத்துத் தொறந்த லாச்சி இருக்கே, அந்தச் சொல்லே டச்சுக்காரன் கப்பல்ல வந்து இறங்கினதுதான்" என்பாள். விண்டோ என்றால் ஆதியில் காற்றுக்கண் என்றாள் ஒருநாள். "எனக்கு அந்தக் கண்ணாவது மிஞ்சட்டும் மிஸ்" என்றார். லோர்ட் என்றால் ரொட்டியை, நம் பாணை, காப்பவன் என்று சொன்ன அன்றைக்கு அவர் மூடிய கண்ணோடு சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது.

"அப்ப எங்க எஸ்டேட் தொரை பாண் காவக்காரரா? இது தெரியாம எங்கப்பா தலப்பாவ அவுத்துட்டுக் கும்பிட்டுக்கிட்டு நின்னாரே மிஸ்!"

கீழே போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் கைறுன்னிஸாவுக்கு இந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும். படிக்கட்டின் அடியில் நின்று, "அல்லாஹ்வே, மேல மருந்து விடுறாங்களா கூத்து ஆடுறாங்களா!" என்று குரல் கொடுப்பாள். சந்திரவதனாவின் முகம் கொஞ்சம் சிவக்கும்.

மாத்தளைக் கோர்ட்டுக்கு எதிரே அந்த மேல்மாடி அறை. வாசலில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை: சந்திரவதனா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வயது அறுபத்தொன்று. அப்பா வடக்கிலிருந்து ரெயில்வே வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிப்போனவர். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தார்கள், தம்பிமார் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அரசாங்கக் கச்சேரி வேலையையும் முப்பத்தொன்பதாவது வயதில் அவளே விட்டுவிட்டாள். கல்யாணம் என்ற ஒன்று வரவே இல்லை. தம்பிமாரை அனுப்பி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அதற்குரிய காலம் சத்தமில்லாமல் கடந்திருந்தது. அழகமுத்துவுக்கு அறுபத்தெட்டு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, டைப்பிங் படித்து, கோர்ட் வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்தவர். மனைவி செத்து எட்டு வருடம். ஒரே மகள் வாகினி புருஷனோடு ஜெர்மனியில். இருபத்திரண்டு வருடமாக இவள் எழுதுவாள், அவர் அடிப்பார்; கண் மங்கிய பிறகு இவள் வாசிக்க, விரல் பழக்கத்தில் அடித்தார். இத்தனை வருடத்தில் அவர் வாயில் இவள் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. மிஸ்தான்.

அவர்கள் தொழிலில் எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒப்பு பார்ப்பது. அடித்து முடித்த கடதாசியை அப்படியே முத்திரை குத்திக் கொடுத்துவிட முடியாது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் மொழிபெயர்ப்பில் விரலை வைத்துக்கொண்டு வர வேண்டும். பெயர், திகதி, கமா, முற்றுப்புள்ளி, ஒன்றும் தப்பக் கூடாது. பொருந்தினால் "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சரி விழுந்த பிறகுதான் அடுத்த வரி. அழகமுத்துவின் கண் மங்கிய பிறகு இரண்டு பக்கத்தையும் சந்திரவதனாவே வாசித்தாள். அவர் தமிழைக் கேட்டு மனதில் பிடித்து வைத்துக்கொண்டு, இங்கிலீஷைக் கேட்டு, "சரி" என்பார். கண் போனவருக்குக் காதும் ஞாபகமும் கத்தி மாதிரி இருந்தன. தன் விரலைவிட அவர் காதை அவள் நம்பினாள்.

இதெல்லாம் வேலை. வேலைக்கு வெளியே ஒன்றுமே இல்லை என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் காலை எட்டே முக்காலுக்கு நாவுல ஊர் பஸ் வரும்போது பஸ் ஸ்டாண்டில் குடையோடு நிற்பது யார்? நாலந்தாவில் கொண்டக்டர் ஏற்றிவிடும் அழகமுத்துவை இங்கே இறக்கி, மெயின் வீதியைக் கடத்தி, படியில் "இன்னும் மூணு, இன்னும் ரெண்டு" என்று எண்ணிக் கூட்டி வருவது யார்? கிளினிக் கார்ட், மாத்திரை போடும் குளிசைப் பெட்டி, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் விபூதி, எல்லாம் யார் கையில் இருந்தன? இதற்கு ஒரு பெயர் வைக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அவள் அப்பா பிறந்த ஊர் வேறு, அவர் அப்பா வெட்டிய மலை வேறு என்ற பழைய கணக்கும் இடையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

வைகாசி மாதத்தில் ஒருநாள் அழகமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னது?"

"என் கடதாசிதான் மிஸ். சத்தியக் கடதாசி. இங்கிலீஷ்ல வேணுமாம். வாகினி என்னைய அங்க கூப்பிட்டுக்கப் போறாளாம்."

சந்திரவதனா கவரைப் பிரித்தாள். ஒன்றரைப் பக்கம், ஏழு பந்தி, அடியில் சமாதான நீதவான் கையெழுத்து. "நல்லதுதானே" என்றாள். குரல் எப்படியோ கோர்ட் குரலாக வந்துவிட்டது.

அன்று மாலையே வாகினி போன் எடுத்தாள். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பன் மேல் உயிர். "ஆன்ட்டி, இங்க வந்தா ஒப்பரேஷன் செய்யலாமாம். இருக்கிற பார்வையாவது போகாம நிக்குமாம். நானே பக்கத்துல இருந்து பார்த்துக்குவேன். ஆனா அஞ்சாவது பந்திதான் முக்கியம்னு லோயர் சொல்றார் ஆன்ட்டி. அங்க அப்பாவப் பார்த்துக்க ஆள் இருக்குன்னு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் விசா இல்லையாம். அப்பாவுக்குத்தான் அங்க யாருமில்லையே?"

சந்திரவதனா அந்த நேரம் அவருடைய குளிசைப் பெட்டியில் அடுத்த கிழமைக்கு நிரப்பிக்கொண்டிருந்தாள். வியாழன் அறையில் ஒரு வெள்ளைக் குளிசை விழுந்தது.

"ஆமா, யாருமில்ல" என்றாள்.

தன் கடதாசியைத் தானே அடிக்க அவருக்குக் கை ஓடாது என்று எண்ணி, அதைத் தான் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் வீட்டுக்கு எடுத்துப் போனாள். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் லெப்டொப்பில் அடிக்கத் தொடங்கினாள். பெயர், பிறந்த திகதி, விலாசம், மனைவி இறந்த விவரம். நான்கு பந்தியும் வழுக்கிக்கொண்டு போயின. ஐந்தாவதில் மகளின் பெயரும் விலாசமும் முதல் வரி. இரண்டாவது வரியில் கை நின்றது.

"இலங்கையில் எனக்கு உரியவரோ என்னைப் பராமரிப்பவரோ எவருமில்லை என்பதையும், இந்நாட்டை விட்டுச் செல்ல எனக்கு எத்தடையும் இல்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

எத்தடையும் இல்லை. அதற்கு இங்கிலீஷில் ஒரே ஒரு குட்டிச் சொல் போதும். ஃப்ரீ. இந்தச் சொல்லை அவள் எத்தனை கடதாசியில் எழுதியிருப்பாள்! வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம், இவர் திருமணம் முடிக்காதவர், முடிக்க ஃப்ரீயாக உள்ளவர் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்கில் பார்த்தால் மாத்தளையிலேயே அவளைவிட ஃப்ரீயான ஆள் கிடையாது. அறுபத்தொரு வருடமாக ஃப்ரீ. கைறுன்னிஸா கடைக் கண்ணாடியில்கூட அந்தச் சொல்தான் ஒட்டியிருக்கிறது, பத்துக் கொப்பி எடுத்தால் ஒன்று ஃப்ரீ என்று. தம்பிமாருக்குப் போன் எடுத்தாலும் அதுதான், "இப்ப ஃப்ரீ இல்லக்கா, பிறகு எடுக்கிறேன்." அந்தப் பிறகு ஆறு மாதமாகியும் வந்து சேரவில்லை.

இவ்வளவு பழகிய சொல்லுக்கு இன்னும் ஜாதகம் பார்க்கவில்லையே என்று தோன்றியது. அந்த வரிக்கு இடம் விட்டு வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கினாள். வரியைப் பார்க்காமல் இருக்க ஒரு சாக்கு என்பது அவளுக்கே தெரியும்.

பார்த்தவள் ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. கொப்பியில் எழுதினாள், வெட்டினாள், மறுபடி எழுதினாள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. பிறகு மிச்ச இரண்டு பந்தியையும் அடித்து, அச்செடுத்து, கவரில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் வேலை குவிந்திருந்தது. மத்தியானம் தாண்டித்தான் கவரை எடுத்தாள். கடைசித் தபாலுக்குப் போக வேண்டும் என்பதால் மருந்துக்கு முன்னாலேயே ஒப்பு பார்க்க உட்கார்ந்தார்கள். அழகமுத்து கண்ணை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் பந்தி. "சரி." இரண்டாவது. "சரி." நான்காவதில் மனைவியின் பெயர் வந்தபோது கொஞ்சம் தாமதித்து, "சரி." ஐந்தாவது பந்தியைத் தமிழில் வாசித்தாள். எவருமில்லை என்ற இடத்தைத் தடுக்காமல் கடந்ததற்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். பிறகு இங்கிலீஷ் ஐந்தாவதை வாசித்து நிறுத்தினாள்.

சரி வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது, அவள் இருக்கும் பக்கமாக.

"மிஸ், ஒரு வரி குறையுது."

"என்ன குறையுது?"

"அஞ்சாவதுல ரெண்டு வரி. நீங்க ஒரு வரிதான் வாசிச்சீங்க."

சந்திரவதனா தாளைக் குனிந்து பார்த்தாள். மகளின் விலாசம், முற்றுப்புள்ளி, அதற்குக் கீழே ஒரு வெள்ளை இடைவெளி, பிறகு ஆறாவது பந்தி. இடம் விட்டது விட்டபடியே இருந்தது. திரும்பி வரவே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் கேளுங்கள். பிறந்த திகதி, கிராம சேவகர் பிரிவு, பதிவு இலக்கம், ஒன்று தப்பியதில்லை. சட்டத்தரணிமார் அவள் முத்திரையைப் பார்த்தால் உள்ளே வாசிப்பதே இல்லை. அவள் ஒரு முழு வரியை விட்டிருக்கிறாள்!

"டைப் பண்ணத் தெரியாதவ டைப் பண்ணினா இப்படித்தான்!" என்று வெடித்தாள். "உங்களையே அடிக்கச் சொல்லியிருக்கணும். கரிசனம் பார்த்தேன் பாருங்க, எனக்கு வேணும்!"

விட்டுப்போனது எந்த வரி என்பது அழகமுத்துவுக்குத் தெரியும். ஒன்றரைப் பக்கத்தில் வேறெதுவும் விடுபடவில்லை என்பதும் தெரியும். கீழே கைறுன்னிஸாவின் மெஷின் கர்கர் என்று கொப்பி கக்கிக்கொண்டிருந்தது. மணி மூன்று அடித்தது.

அவளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. எழுந்து லாச்சியைத் திறந்தாள். அவர் கழுத்தைச் சாய்த்தார். வலது கண்ணில் விழுந்த சொட்டு கன்னத்தில் வழிய, விரலால் துடைத்துவிட்டு இன்னொன்று விட்டாள். கை ஆடுது என்று அவர் இன்றைக்குச் சொல்லிக் காட்டவில்லை.

"இன்னைக்கு என்ன சொல்லு மிஸ்?"

"இன்னைக்கு ஒண்ணுமில்ல."

"அந்த வரில ஒரு சொல்லு உங்களப் போட்டு ஆட்டியிருக்கும். அதச் சொல்லுங்க."

மனுஷன் கண்தான் தெரியாதவர்.

"ஃப்ரீ" என்றாள் சந்திரவதனா. நின்றபடியே சொன்னாள். "சும்மா குடுத்தா ஃப்ரீ. வேலையில்லாம இருந்தா ஃப்ரீ. ஆள் இல்லாத இடம் ஃப்ரீ. ஜெயில்ல இருந்து விட்டா ஃப்ரீ. இதெல்லாம் பிறகு வந்த அர்த்தம். ஜெர்மன்காரங்க ஃப்ரை என்பாங்க. ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. அவங்க மூதாதைங்க காலத்துல ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு விதமான ஆளுங்க இருந்தாங்களாம். பிடிச்சிட்டு வந்த அடிமைங்க ஒரு பக்கம். வீட்டுக்கு உரியவங்க ஒரு பக்கம். உரியவங்களுக்குத்தான் இந்தச் சொல்லு. ஏன்னா அதுக்கு முதல் அர்த்தமே அன்புக்குரியவங்கங்கிறதுதான். ஃப்ரெண்டுங்கிற சொல்லும் அந்த வேர்ல பொறந்ததுதான்."

அழகமுத்துவின் விரல் மேசையில் அசையாமல் கிடந்தது.

"இன்னும் மேல போனா, சமஸ்கிருதத்துக்கும் இதுக்கும் ஒரே பூட்டன். அங்க அது ப்ரிய. அங்க இருந்துதான் நம்ம வாய்க்கு வந்திருக்கு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "பிரியம்."

அந்தச் சொல்லை அந்த அறையில் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் உச்சரித்ததில்லை. கடதாசிகளில் அது வருவதில்லை. சொன்ன பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"அப்ப உரியவங்க இருக்கிறவன்தான் ஃப்ரீ" என்றார் அழகமுத்து மெதுவாக.

"அந்தக் காலத்துல."

ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் கண் திறக்கவில்லை. "மிஸ், ஒண்ணு கேக்குறேன். அந்த வரி உண்மையா?"

இதைவிட நேராக ஒரு மனுஷன் கேட்க முடியாது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் அந்தக் கவரைக் கிழித்துப்போடுவார். நாளைக்கும் எட்டே முக்காலுக்கு நாவுல பஸ் வரும், அவர் இறங்குவார். சந்திரவதனாவுக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. போகாதீர்கள், எனக்கு உங்களைத் தவிர ஒருவரும் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் போன மாதம் படியில் அவர் கால் தவறியபோது பிடிக்கப் போய் இருவருமாக விழப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அறுபத்தொன்று. சாவித் துவாரமும் அடைபட்டால், அவளும் ஒருநாள் விழுந்தால், பிறகு? அங்கே ஒப்பரேஷன் இருக்கிறது, பெற்ற பிள்ளை இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு குடையும் ஒரு கொப்பியும்தான்.

"வரி உண்மையான்னு பார்க்கிறது என் வேலையில்ல" என்றாள். "மொழிபெயர்ப்பு உண்மையான்னு பார்க்கிறதுதான் என் வேலை."

லெப்டொப்பைத் திறந்து அந்த வரியை அடித்தாள். இரண்டு விரலுக்கு அது நீண்ட நேரம் எடுத்தது. அச்செடுத்த புதிய தாளை வைத்துக்கொண்டு, முதலில் தமிழை வாசித்தாள். பிறகு இங்கிலீஷை வாசித்தாள். கடைசிச் சொற்கள் வரைக்கும் குரல் உடையவில்லை.

அவர் கண்ணைத் திறந்து, அவள் இருக்கும் பக்கமாகத் திரும்பினார்.

"சரி" என்றார்.

அவள் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

ஆவணி கடைசியில் அழகமுத்து போனார். விமான நிலையத்துக்கு வேனில் ஏறும்போது "போயிட்டு வாறேன் மிஸ்" என்றார், "மருந்துக் குப்பி கைப் பைல இருக்கு, பெரிய பைல போட்றாதீங்க" என்றாள் இவள். அவ்வளவுதான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு சந்திரவதனாவின் கால்கள் அவளை அவமானப்படுத்தத் தொடங்கின. எட்டே முக்காலுக்குத் தாமாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கும். நாவுல பஸ் வரும், பாடசாலைப் பிள்ளைகள் இறங்குவார்கள், மரக்கறி மூட்டை இறங்கும், கொண்டக்டர் இவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வான். அவள் ஏதோ பூ வாங்க வந்தவள்போல் திரும்பி நடப்பாள். படியில் வாய் தானாக "இன்னும் மூணு, இன்னும் ரெண்டு" என்று எண்ணும். ஒருநாள் கைறுன்னிஸா அதைக் கேட்டுவிட்டாள். கேலி செய்யக் கூடிய வாய்தான். "வாங்க மிஸ், டீ ஒண்டு குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த இரக்கம் சந்திரவதனாவுக்குத் தாங்கவில்லை. வேலை இருக்கிறது என்று மேலே ஏறிவிட்டாள்.

புது டைப்பிஸ்ட் யாரையும் வைக்கவில்லை. ஒப்பு பார்ப்பதைத் தானே பார்த்தாள். தமிழை ஒரு குரலில் வாசிப்பாள், இங்கிலீஷை இன்னொரு குரலில் வாசிப்பாள், பிறகு எதிர்க் கதிரையைப் பார்த்து "சரி" என்று தானே சொல்லிக்கொள்வாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். மூன்று மணிக்கு லாச்சியைத் திறந்து மூடுவாள். கொப்பியில் புதிய சொல் ஒன்றும் ஏறவில்லை. ஜாதகம் பார்த்து யாருக்குச் சொல்வது?

போன் வரவில்லை என்றில்லை. வாகினி இரண்டு முறை எடுத்தாள். ஒப்பரேஷன் ஒரு கண்ணுக்கு முடிந்தது, அப்பா தூங்குகிறார், நாங்கள் ஃப்ரீயாக இருக்கும்போது அப்பாவைப் பேசச் சொல்கிறேன் ஆன்ட்டி. அவள் வேலைக்கு ஓடுகிறவள், அவருக்குப் போனை அழுத்தத் தெரியாது. காத்திருக்க வேண்டியதுதான். ஐப்பசி மழையில் கோர்ட் வீதி ஆறாக ஓடியது, வாடிக்கையாளர்கூட ஏறி வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் பஸ் கொண்டக்டரையும் கைறுன்னிஸாவையும் தவிர ஒரு மனுஷ முகத்தையும் அவள் கிட்ட நின்று பார்க்கவில்லை. அந்த வரியை விட்டது விட்டபடியே இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு மூன்று மணிக்கும் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே ஏசினாள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, லாச்சியைத் திறந்த கை திறந்தபடி இருக்கும்போது போன் அடித்தது.

"மிஸ், மணி மூணு தானே அங்க?"

சந்திரவதனா உட்கார்ந்தாள். "மருந்து விட்டாச்சா?" என்றாள். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சில் அதுதான் முதலில் வந்தது.

"வாகினிக்கு இன்னைக்கு லீவு. மருந்த விட்டுட்டு, அவதான் போனும் எடுத்துக் குடுத்தா. கண்ண மூடிக்கிட்டுத்தான் பேசுறேன்." அவர் குரல் மெலிந்திருந்தது. "இங்க எல்லாம் நல்லாத்தான் பார்க்கிறாங்க மிஸ். குறை சொல்லக் கூடாது. காலையில எல்லாரும் போயிருவாங்க. சாயந்தரம் வரைக்கும் சுவரோட நான்தான். போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சுல என்னைய உட்கார வச்சிட்டு வாகினி கவுண்டருக்குப் போனா. யாரோ ஒரு வயசான பொம்பள வந்து பக்கத்துல நின்னு என்னமோ கேட்டாங்க. ஒரு சொல்லு மட்டும் வெளங்குச்சு."

"என்ன சொல்?"

"ஃப்ரை."

மழை ஓய்ந்த தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்தார்கள்.

"பக்கத்து இடம் ஃப்ரீயான்னு கேட்டிருக்காங்க. நான் இல்லன்னு தலையாட்டிட்டேன். அவங்க அங்கிட்டுப் போய் நின்னுக்கிட்டாங்க. பாவம், கால் நோவோ என்னவோ. வாகினி வந்து ஏசினா. காலியாக் கெடக்கிற இடத்த ஏம்பா இல்லன்னீங்க, யாருக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டா."

அவர் நிறுத்தினார். சந்திரவதனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சந்திரவதனாவுக்குன்னு சொன்னேன்."

இருபத்திரண்டு வருடமாக வாசல் பலகையில் கிடந்த பெயர். அது இவ்வளவு நல்ல பெயர் என்று அவளுக்கே தெரியாது. கண்ணீர் தன் பாட்டில் வந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"அந்தக் கடதாசில ஒரு வரி பிழை" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் முத்திரை குத்தினேன். உங்க கண்ணுக்காக."

"எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னேன். வாசிங்க இப்ப. ஒப்பு பார்ப்போம்."

அவளுக்கு முன்னால் தாள் ஒன்றும் இல்லை. எதிர்க் கதிரை காலியாகத்தான் இருந்தது, இனியும் அப்படித்தான் இருக்கப்போகிறது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கோர்ட்டில் வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"இலங்கையில் எனக்கு உரியவர் ஒருவர் உண்டு."

கடல் தாண்டி, மலை தாண்டி, ஒரு நொடி பிந்தி அந்தச் சொல் வந்து சேர்ந்தது.

"சரி."